அடுகோடியில் ஏறிய கடல்

“போய் இருமச் சொல்லுங்க உங்கப்பாவ—”

“எந்த மூஞ்சிய வச்சிக்கினு சொல்றது? கம்பெனி சொல்லச் சொல்லிச்சு, நான்—”

“மைக்கப் புடிச்சது கம்பெனியா? தண்ணி முழங்காலுக்கு வந்தாச்சுங்க!”

“கத்தாத ஹெலன், அவரு காதுல விழும்.”

அது கடல் தண்ணீர். பெங்களூர் அடுகோடியில் சிரில், ஹெலன் தம்பதியின் வீட்டில் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுச் சுவரில் ஈரமில்லை. எதிர்வீட்டுக் குழாயில் வழக்கம்போல் காற்றுதான் வந்தது.

கடலடி உலோகங்களை எடுப்பதற்கான சர்வதேச உடன்படிக்கைக்கு நாடு ஒப்புதல் தருமுன், அதே ஊரில் ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. கடலடியை உறிஞ்சும் குழாய்கள் செய்யும் பொம்மசந்திரா தொழிற்பேட்டைக் கம்பெனியொன்றில் சிரில் சூப்பர்வைசர். தோண்டினால் கிளம்பும் தூசி மீனைக் கொல்லும் என்று கரையிலிருந்து வந்த மீனவர்கள் சொன்னார்கள். பதில் சொல்லக் கம்பெனி சிரிலை எழுப்பிவிட்டது. கோலார் தங்கவயல் சுரங்கத்தில் காலமெல்லாம் பாறை துளைத்த தன் அப்பா தியோடருக்கு ஓர் இருமல்கூடக் கிடையாது என்றான் அவன். கை தட்டினார்கள். மீனவப் பெண் ஒருத்தி மட்டும் அவனைப் பார்த்துவிட்டு, அவனுக்கும் சேர்த்துக் கூசியவள் போலத் தலை குனிந்தாள்.

தியோடர் அதை டிவியில் பார்த்துக்கொண்டு, இருமிக்கொண்டிருந்தார். தங்கவயலில் மெடிக்கல் நாளன்று இருமியவனைச் சுரங்கத்தில் இறக்க மாட்டார்கள். அதனால் டாக்டர் முன் இருமலை விழுங்குவது அங்கே ஆண்கள் எல்லோருக்கும் பழக்கம். தியோடர் எழுந்து, அந்த நாட்களில் போலவே சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். மகன் சொன்னது பொய்யாகிவிடக் கூடாதென்று விழுங்கத் தொடங்கினார். ஒப்புதல் கையெழுத்தான நாளிலிருந்து, அவர் விழுங்கிய ஒவ்வோர் இருமலுக்கும் வீட்டுக்குள் ஒரு நூல் கடல் ஏறியது.

அந்த வருஷம் கட்டில்கள் செங்கல் மேல் ஏறின. மூட்டுவலிக்காரர்கள் குடத்தோடு வந்து உப்புத் தண்ணீர் பிடித்துப் போனார்கள். கடல் பார்த்த வீடு என்று ஹவுஸ் ஓனர் வாடகையைக் கூட்டினார். சிரில் தினமும் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு, அப்பாவின் அறையைப் பார்க்காமல் வேலைக்குப் போனான்.

இன்று ஹெலன் அவனை அந்த அறைக்குள் தள்ளிவிட்டாள். கழுத்துப் பொத்தான்வரை போட்ட சட்டையோடு, உதடு நீலம் பாரித்து, கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார் தியோடர். சிரில் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார்.

“மீட்டிங்கெல்லாம் முடிஞ்சிச்சாடா சிரிலு? இனிமே நான் இருமிக்கலாமா?”