அம்மாவின் குரலுக்கு அனுமதி இல்லை

நூலகத்தின் ஒலிப்பிரிவை ஒரே ஆளாகக் கவனித்து வந்தவளை எல்லோரும் டேப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுடைய அம்மா அதே நூலகத்தில் பல வருடங்கள் குழந்தைகளுக்குக் கதை சொன்னவள். அந்தக் கதைகள் டேப்புகளில் பதிவாகிப் பின்னறை அலமாரியில் இருந்தன. அம்மா காலமான பிறகு அவற்றை ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றி, யார் வேண்டுமானாலும் இலவசமாகக் கேட்கும்படி நூலகத்தின் இணையப் பக்கத்தில் போட ஆரம்பித்தாள். இருந்ததோ ஒரே ஒரு பழைய மெஷின். வேலை ஆமை வேகத்தில் நகர்ந்தது.

ஒருநாள் இயக்குநர் கூப்பிட்டார்.

"இந்த வேகத்துல போனா நீ ரிட்டயர் ஆனாலும் முடியாதும்மா. ஒரு கம்பெனி மொத்தத்தையும் ஏத்தித் தரேங்குது. நமக்குச் செலவே இல்ல."

"சும்மா எதுக்கு சார் செய்வாங்க?"

"கொஞ்ச வருஷத்துக்கு எல்லா உரிமையும் அவங்களுக்கு. ஜனங்க நம்ம கட்டடத்துக்குள்ள வந்து கேட்டுக்கலாம், அதுக்கு ஒரு கம்ப்யூட்டரும் தராங்க. அப்புறம் என்ன?"

ஒப்பந்தம் கையெழுத்தானது. வேன் வந்து டேப்புகளை அள்ளிக்கொண்டு போனது. இனி எதற்கு என்று பழைய மெஷினையும் தூக்கிப் போனார்கள். அவள் இணையத்தில் போட்டிருந்த கதைகள் சத்தமில்லாமல் மறைந்தன. டேப்புகள் திரும்பி வந்தன. தருவதாகச் சொன்ன கணினி மட்டும் வரவே இல்லை.

பிறகு ஒரு காலை, அப்பா போனைக் கையில் பிடித்தபடி சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"உங்கம்மா பேசினா."

அவள் அடுப்பை அணைத்தாள். "என்னப்பா சொன்னாங்க?"

"கரண்ட் பில் கட்டச் சொன்னா."

அப்பாவுக்கு நினைவு தடுமாறுகிறது என்றுதான் நினைத்தாள். போனை வாங்கி அதே எண்ணுக்குத் திரும்ப அடித்தாள்.

"வணக்கம். உங்கள்... ம்... இணைப்பு எண்ணைச் சொல்லுங்கள்."

கதையில் பூதம் வருவதற்கு முன்னால் அம்மா மூச்சைப் பிடித்து அப்படித்தான் இழுப்பாள். டேப் அக்கா விசாரித்தபோது, மின்வாரியத்துக்கு அந்தக் குரலைச் செய்து கொடுத்தது டேப்புகளை அள்ளிப் போன அதே கம்பெனிதான் என்று தெரிந்தது.

கம்பெனி அதிகாரி சிரித்த முகமாகவே பேசினார். "உங்க அம்மா குரல் இல்லீங்க மேடம். நிறைய குரலைக் கலந்து செஞ்சது. உங்க காதுக்கு அப்படித் தோணுது."

"அப்ப டேப்புலேருந்து நீங்க ஏத்தின பதிவைக் குடுங்க. ரெண்டையும் பக்கத்துல வச்சுக் கேப்போம்."

"அதை வெளிய தர முடியாதுங்களே."

ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு வானொலி நிலையத்தில் இருந்த தோழியிடம் ஓடினாள். மெஷினில் மாட்டியதும் அது கிறீச்சிட்டு நின்றது. பழுப்புப் பூச்சு பிசின் போல உரிந்து ஒட்டிக்கொண்டது.

"இத சூடு காட்டி ஓட்டியிருக்காங்கடி," என்றாள் தோழி. "அப்படிச் செஞ்சா கொஞ்ச நாள்தான் ஓடும். இனிமே இது தேறாது. மத்த டேப்பும் இப்படித்தான் இருக்கும்."

ஆக, அம்மா இப்போது அவர்களிடம் மட்டும்தான் இருந்தாள்.

இல்லை, முன்பு ஏற்றிய சில கதைகளின் நகல் வீட்டில் இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. டேப் அக்கா துணிந்து அவற்றைத் தன் பெயரிலேயே இணையத்தில் போட்டாள். மறுநாளே காணவில்லை. அந்த இடத்தில் ஓர் அறிவிப்பு இருந்தது: இந்தக் குரல் எங்கள் நிறுவனக் குரலின் போலி, நீக்கப்பட்டது.

அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். செத்துப்போன அம்மா, தன்னைப் பார்த்துச் செய்த பொம்மைக்குப் போலியாகிவிட்டாள். அந்த வாரமே அவளை ஒலிப்பிரிவிலிருந்து தூக்கி, வாசலில் பைகளை வாங்கி வைக்கும் இடத்தில் உட்கார வைத்தார் இயக்குநர். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டில் அப்பா அந்த எண்ணுக்கு அடித்துக்கொண்டே இருந்தார்.

"அது மெஷின்பா."

"எனக்குத் தெரியாதாம்மா? தப்பா அழுத்தினா மொதல்லேருந்து சொல்றா. கோவமே வரல அவளுக்கு. அது ஒண்ணுதான் வித்தியாசம்."

அவளால் போனைப் பிடுங்க முடியவில்லை.

ஒரு மாலை போன் தானாகவே அடித்தது. எடுத்த அப்பாவின் முகம் மலர்ந்தது. "பில்லெல்லாம் கட்டியாச்சே," என்றார். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். கையால் போனைப் பொத்திக்கொண்டு மகளைப் பார்த்தார்.

"சாப்பிட்டீங்களான்னு கேக்குறா. வீட்டுல யார் யார் இருக்கீங்கன்னும் கேக்குறா."

"அப்பா, வேண்டாம். வச்சிடுங்க."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்.