பத்துக் குட்டிகளும் ஒரு விசிலும்

எலியும் இல்லை, முயலும் இல்லை, பன்றி நிச்சயமாக இல்லை. ஆனாலும் கினிப்பன்றி என்று பெயர். தென்னமெரிக்க மலைப் பிராணி என்று கூண்டுப் பலகையில் எழுதியிருந்தது; படித்தவர்கள்தான் யாரும் இல்லை. "ஐய, பெருச்சாளி!" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு சிங்கத்தைப் பார்க்க ஓடுவார்கள். சிங்கம் தூங்கிக்கொண்டிருக்கும். அந்தப் பழைய மிருகக்காட்சிசாலையில் பதினெட்டு வருடம் இவற்றைக் கட்டி மேய்த்தவள் நான். இன்றைக்கும் யாராவது பெருச்சாளி என்றால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

என் வீட்டுக்காரருக்கும் அங்கேதான் வேலை, பாம்புக் கூடத்தில். எங்களுக்குக் கல்யாணமான எட்டாவது வருடம் புதிதாக வந்த சூப்பிரண்டு ஒரு சட்டம் போட்டார். கினிப்பன்றிக் கூண்டில் முப்பதுதான் இருக்கலாம். மாதம் ஒருமுறை வந்து எண்ணுவார். முப்பதுக்கு மேல் இருப்பதெல்லாம் மலைப்பாம்புக்கு. அதாவது, நான் புல் போட்டு வளர்ப்பதை என் புருஷன் கூடையில் அள்ளிக்கொண்டு போக வேண்டும். முதல் மாதம் நான்கு போயின. அன்றிலிருந்து நான் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

"பாம்பும் உசுருதான்டி. அது என்ன கோஸ் இலையா தின்னும்?" என்பார்.

"என்கிட்ட பேசாதீங்க. போய் உங்க பாம்புகிட்ட பேசுங்க."

அடுத்த எண்ணிக்கைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மூன்று தாய்கள் சேர்ந்தாற்போல் பத்துக் குட்டி போட்டன. கினிப்பன்றிக் குட்டிக்குப் பிறக்கும்போதே கண் திறந்திருக்கும். உடம்பு முழுக்க ரோமம், வாயில் பல்கூட இருக்கும். அன்றைக்கே ஓட ஆரம்பித்துவிடும். அதைப் பார்த்தபின் பாம்புக்குக் கொடுக்க எந்த மகராசிக்கு மனசு வரும்? வைக்கோலுக்குப் பின்னால் மறைத்து வளர்த்தேன். வீட்டுக்காரரிடமும் மூச்சு விடவில்லை. எதிர்க்கட்சிக்காரரிடம் போய்ச் சொல்வேனா?

எண்ணும் நாள் காலையில் பத்தையும் தீவன அறைக்கு மாற்றினேன். மேஜை இழுப்பறையில் ஐந்து, கேரட் கூடையில் மூன்று, என் கைப்பையில் இரண்டு.

பதினோரு மணிக்கு சூப்பிரண்டு வந்தார். பின்னாலேயே காலிக் கூடையோடு என் வீட்டுக்காரர். கினிப்பன்றிகளை எண்ணுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஒன்றின் அடியில் ஒன்று புகுந்து ஓடும். சூப்பிரண்டுக்கு முதலில் முப்பத்திரண்டு வந்தது, பிறகு இருபத்தெட்டு, கடைசியில் முப்பது. ஆனால் ஆள் எமகாதகர்.

"போன மாசம் மூணு வயித்தத் தள்ளிக்கிட்டு நின்னுச்சே. குட்டிங்க எங்கம்மா?"

"அது வாயு சார். கோஸ் தின்னா அப்படித்தான் ஊதிடும்."

அவர் நம்பவில்லை. தீவன அறைக்குள் வந்து, அந்த மேஜைக்கு முன்னாலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். மனுஷனைக் குளிர்விக்கலாமே என்று டீ ஊற்றிக் கொடுத்தேன். அதோடு நின்றிருக்கலாம். பிஸ்கெட் பாக்கெட்டையும் எடுத்துப் பிரித்தேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். காகிதம் சரசரத்தால் கினிப்பன்றிக்குத் தீனி வருகிறது என்று அர்த்தம். உடனே விசிலடிக்கும். குட்டியும் அடிக்கும்.

"வீஈஈக்!" என்றது இழுப்பறை. "வீக், வீக்!" என்றது என் கைப்பை.

சூப்பிரண்டு டீயை வாய்க்குக் கொண்டுபோகாமல் நிறுத்தினார். வேலை போனால் போகட்டும்; பத்துக் குட்டிகளையும் அள்ளிக்கொண்டு போக வாசலிலேயே கூடை நிற்கிறதே! ஐயோ என்று வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார், என் பையைப் பார்த்தார். பிறகு உதட்டைக் குவித்து, "வீஈஈக்!" என்று விசிலடித்தார்.

வாழ்நாளில் விசிலடித்த மனுஷன் இல்லை. பாதி காற்று, பாதி எச்சில்.

"யோவ், டூட்டி நேரத்துல என்னய்யா விசில்?"

"மன்னிச்சிருங்க சார். வீட்ல இவ எனக்கு ஒரு பிஸ்கெட் குடுத்ததில்ல. பாக்கெட்டப் பாத்ததும் தானா வந்துருச்சு."

சூப்பிரண்டு சந்தேகத்தோடு பாக்கெட்டை எடுத்து ஆட்டினார். கேரட் கூடை கத்தியது. என் வீட்டுக்காரர் அதைவிடச் சத்தமாகக் கத்தினார். சூப்பிரண்டு மூன்று முறை ஆட்டிப் பார்த்தார். மூன்று முறையும் இவர் கழுத்து நரம்பு புடைக்க விசிலடித்தார். கடைசியில் சூப்பிரண்டுக்கே பொறுக்கவில்லை. "இந்தா, தின்னுத் தொலை!" என்று ஒரு பிஸ்கெட்டை அவர் வாயில் திணித்தார். "புருஷனுக்கு எதாவது தின்னக் குடும்மா" என்று எனக்கும் ஒரு திட்டு விழுந்தது. நோட்டில் முப்பது என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

பால் மறந்ததும் குட்டிகளை என் வீட்டுக்காரரின் காலிக் கூடையிலேயே எங்கள் வீட்டுக்குக் கடத்திக்கொண்டு வந்தோம். மலைப்பாம்பு கோழி தின்று கொழுத்தது. என் வீட்டுக்காரருக்குத்தான் ரிடையராகும்வரை 'பிஸ்கெட்' என்று பட்டப்பெயர்.

எண்ணிக்கை நடந்த அன்று சாயங்காலம், வேலை முடிந்து நடந்து வரும்போது, ஒரு மாதத்துக்குப் பிறகு நானாகப் பேசினேன்.

"ஏங்க, பாம்பு பட்டினி கிடக்குமே, எதுக்கு விசிலடிச்சீங்க?"

"பாம்புக்கு மாசத்துல ரெண்டு நாள்தான் பசி. உனக்குத் தினமும் கோவம். நான் யாரைடி சமாளிக்கிறது?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"குட்டி பொறந்த அன்னிக்கே எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

சூப்பிரண்டுக்கு ஒரு பொய், வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு பொய் என்று என் வாயில் எப்போதும் பதில் தயாராக இருக்கும். இவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன்: "உங்களப் பாம்புக் கட்சின்னு நெனச்சுட்டேங்க." வெட்கமாக இருந்தது.