கோர்ட்டுக்கு நடந்துவந்த வயல்

மார்க்கையன்கோட்டை மொக்கம்மாளின் அறுபது செண்டு நஞ்சை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம் மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில், வரப்பும் மடையும் பால்பிடித்த நெல்லுமாகப் பெரியகுளம் கோர்ட்டுக்கு நடந்து வந்து சேர்ந்தது. கூடவே ஒரு கொக்கும் வந்தது. இருபத்தாறு மைல். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், யாரும் காலில் விழுந்து கேட்கவில்லை.

அந்தப் பாழாய்ப்போன வழக்கு வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். மொக்கம்மாளின் புருஷன் கர்ணன் காய்ச்சலில் செத்து வருஷம் திரும்பவில்லை. அவன் பங்காளி முத்துக்கருப்பன், வயல் பாகம் பிரியாத சொத்து, பிள்ளையில்லாதவளுக்கு அதில் பாத்தியதை கிடையாது என்று பிராது போட்டான். அவளுக்கு வேறு நிலம் ஏது? அது போனால் சோறு போயிற்று. வக்கீல் பிடிக்கிற வேலையைத் தம்பி அம்மாவாசியிடம் விட்டாள். இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி, வேறு யாரிடம் விடுவாள்? அவன் சுயம்புலிங்கம் என்ற வக்கீலைப் பிடித்தான். வக்கீல் வீட்டில் ஆண்கள் உள்ளே உட்கார்ந்து பேச, வழக்குக்காரி வாசலில் வெயிலில் நின்றாள். பேச்சு முடிந்து அம்மாவாசி ஒரு காகிதத்தோடு வெளியே வந்தான். "இங்கன ரேகை வையிக்கா" என்றான். பிறந்த வீட்டுச் சீர் கொண்டுவருகிற தம்பி நீட்டும் காகிதத்தை, என்னடா இது என்று கேட்பது அந்தப் பக்கத்தில் அவன் முகத்தில் துப்புவதற்குச் சமம். மொக்கம்மாள் கேட்கவில்லை, வைத்தாள்.

அது ராஜிப் பத்திரம். மனமொப்பி வயலை முத்துக்கருப்பனுக்கே விட்டுக்கொடுக்கிறேன் என்று அவளே எழுதித் தந்தது போல இருந்தது. இதற்குப் பதிலாக அம்மாவாசி மகளை முத்துக்கருப்பன் மகனுக்கு எடுப்பதாகப் பேச்சு. வக்கீலோ இரண்டு வீட்டிலும் பணம் வாங்கிக் கை நனைத்திருந்தார். வயலைச் சுவாதீனம் எடுக்கக் கோர்ட்டு அமீனா வருகிற நாள் குறித்த பிறகுதான் அவளுக்கு விஷயமே தெரிந்தது. வயல் போகிறதே என்பதைவிட, தம்பியல்லவா செய்தான் என்றுதான் அதிகம் அரற்றினாள். மூன்று நாள் பச்சைத்தண்ணீர் பல்லில் படவில்லை. பிறகு எழுந்து பெரியகுளத்தில் வக்கீல் வக்கீலாக ஏறி இறங்கினாள். ஒரு வக்கீல் செய்ததை இன்னொரு வக்கீல் எதிர்த்துப் பேசுவாரா? ஒருத்தரும் வக்காலத்து வாங்கவில்லை. கடைசியில் கோர்ட்டுக்கு எதிரே மனு எழுதிப் பிழைக்கும் பொன்னுராஜ்தான் உட்காரச் சொன்னார்.

"வக்கீல் இல்லைன்னா என்னம்மா, கட்சிக்காரங்க நேர்ல வந்து நின்னா கேக்காம இருக்க முடியாது. திங்கக்கிழமை வந்துரு" என்றார். அவர் சொன்னது மொக்கம்மாளை. அவள் ஊருக்குப் போய் வயல் வரப்பில் நின்று அதை அழுதபடி சொன்னாள்; வயலும் கேட்டுக்கொண்டது.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் முன்னால் நடந்தாள், வயல் பின்னால் வந்தது. சின்னமனூரில் ஜனங்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். வீரபாண்டி ஆற்றில் இறங்கி நெல்லுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டது. தேனியில் சனிக்கிழமைச் சந்தை. மாட்டு வண்டிகள் நகரும்வரை ஓரமாக நின்றது. கோர்ட்டில் ஜட்ஜ், ரேகை உன்னுடையதா என்று கேட்டார்.

"என்னுதுதான் எசமான். எந்தம்பி சொன்னான்னு வச்சேன். வேற யாரு சொல்லியிருந்தாலும் வச்சிருக்க மாட்டேன்."

அப்படியானால் ராஜி செல்லும் என்றார் ஜட்ஜ். உடனே பொன்னுராஜ் எழுதித் தந்த நாலு வரி மனுவை நீட்டினாள். ராஜியில் கண்டது மார்க்கையன்கோட்டையில் வாய்க்காலுக்கு மேற்கே, வண்டிப்பாதைக்குத் தெற்கே உள்ள இடம். இந்த வயல் இப்போது அங்கே இல்லை. ஆகவே இது அந்த ராஜிக்குக் கட்டுப்பட்டதல்ல. ஜட்ஜ் ஜன்னல் வழியாக இரண்டு தரம் எட்டிப் பார்த்தார். மனுவில் குற்றம் காண முடியவில்லை; ராஜி அந்த இடத்துக்கு மட்டுமே என்று எழுதிவிட்டார். சுயம்புலிங்கம் எழுந்து ஏதோ சொல்லப் போனார், ஜன்னலைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

அமீனா போய் முத்துக்கருப்பனுக்குச் சுவாதீனம் கொடுத்தது முழங்கால் ஆழப் பள்ளம். ஒரு நெல் முளைக்கவில்லை. வயலோ கோர்ட்டுக்கு அடுத்த புறம்போக்கில் தங்கிவிட்டது. தாலுகா ஆபீஸில் புது நம்பர் போட்டார்கள். மொக்கம்மாள் பக்கத்தில் குடிசை கட்டிக்கொண்டு பயிர் செய்தாள். அதன் கிழக்கு வரப்பில் ஒரு குணம் இருப்பதும் சீக்கிரமே தெரிந்தது. துரோகம் செய்தவன் அதில் நடந்தால் அந்தக் கோடிக்குப் போய்ச் சேர மாட்டான். அதிலிருந்து பெரியகுளத்தில் கட்சிக்காரர்கள், வக்காலத்துக் கொடுக்கும் முன் வக்கீலை அந்த வரப்பில் ஒரு நடை நடக்கச் சொன்னார்கள். சுயம்புலிங்கம் சந்து வழியாகக் கோர்ட்டுக்கு வரப் பழகிக்கொண்டார்.

மகள் கல்யாணத்துக்கு அத்தைக்காரியை அழைக்க, வைகாசியில் அம்மாவாசி வெற்றிலைத் தட்டோடு வந்தான். மொக்கம்மாள் வரப்பின் அந்தக் கோடியில் நின்றாள். அவன் வரப்பில் கால் வைத்தான்.

"ஏலே, வாடா. இங்கனதான நிக்கேன்" என்று கூப்பிட்டாள். ஆசையாகத்தான் கூப்பிட்டாள்.

"வந்துக்கிட்டுத்தான்க்கா இருக்கேன்" என்று அவன் அழுதான்.

காலையிலிருந்து பொழுது சாயும்வரை நடந்தான். செருப்பு தேய்ந்து அறுந்தது. தட்டில் வெற்றிலை வதங்கியது. அவள் கையை நீட்டிக்கொண்டே நின்றாள், இறக்கவே இல்லை. கோர்ட்டு கலைந்து போனவர்கள் நின்று பார்த்துவிட்டு வீடு போனார்கள். மறுநாள் தாலுகா ஆபீஸ் ஆள் சங்கிலி பிடித்து அளந்தபோது, அந்த வரப்பு நாற்பதடிதான் இருந்தது.