வலது சக்கரத்துச் சொட்டு

மெக்கானிக்கை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'மூக்கர்' என்றால்தான் தெரியும். வண்டியில் எங்கே ஒழுகினாலும் சரி, ஒரு சொட்டை விரலில் எடுத்து மூக்கருகே கொண்டுபோனால் போதும். இது இன்ஜின் ஆயில், இது கியர் ஆயில், இதில் டீசல் கலந்திருக்கிறது என்று புட்டுப்புட்டு வைத்துவிடுவார். முப்பது வருடமாக அந்த மூக்குதான் அவருக்குச் சோறு போட்டது.

நான்கு மாதத்துக்கு முன் வந்த காய்ச்சல் அதை வாரிக்கொண்டு போய்விட்டது. காய்ச்சல் விட்டது, வாசனை திரும்பவில்லை. விஷயம் அவர் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். ஒர்க்‌ஷாப்பில் இப்போதும் வழக்கம்போல விரலை மூக்கருகே கொண்டுபோவார், புருவத்தைச் சுருக்குவார், பிறகு நிறத்தையும் பிசுபிசுப்பையும் வைத்து ஒப்பேற்றிவிடுவார். இதுவரை மாட்டிக்கொள்ளவில்லை. ஆனால் ஒவ்வொரு வண்டி வெளியே போகும்போதும், அது தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நிற்பார்.

அந்தச் சமயத்தில்தான் தங்கை போன் செய்தாள்.

"அண்ணே, டிராக்டருக்கு அடியில மூணு இடத்துல சொட்டுது. பழைய வண்டின்னா ஒழுகத்தான் செய்யும்னு இவர் சொல்றார். எனக்குத்தான் மனசு ஒப்பல. நாளைக்குக் காலையில கிழங்கு லோடு ஏத்திட்டுப் போகணும். ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன்."

அவள் கணவனுக்கு முதுகுவலி. இரண்டு வருடமாக அந்தக் கிழட்டு டிராக்டரை ஓட்டுவது அவள்தான். லோடு போகிற வழியில் ஒரு செங்குத்தான இறக்கம் உண்டு. இறக்கம் முடிகிற இடத்தில் ரயில்வே கேட்.

மூக்கர் மதியம் போனார். வண்டியின் அடிப்பக்கத்தை டீசல் ஊற்றிக் கழுவினார், துணியால் துடைத்துக் காயவிட்டார். முகத்துக்குப் போடும் பவுடரை டப்பாவோடு கவிழ்த்து எல்லா இணைப்புகளின் மேலும் தூவினார்.

"நான் பூசிக்கிட்டதைவிட இது அதிகம்ணே" என்றாள் தங்கை.

"வயசாயிடுச்சில்ல, கொஞ்சம் கூடத்தான் பூசணும்" என்றார்.

கீழே அட்டையை விரித்து, இருபது நிமிடம் இன்ஜினை ஓடவிட்டார். பிறகு டார்ச்சோடு உள்ளே ஊர்ந்தார். வெள்ளைப் பவுடரில் ஈரம் கோடு இழுத்திருந்தது. முன்னால் இன்ஜின் மூடியின் ஓரத்தில் கறுப்பாக ஒரு கசிவு. அது கேஸ்கட், மூடிக்கு இடையில் வைக்கிற அட்டை; இன்னும் ஒரு வருடம் தாங்கும். நடுவில் ஆயில் தொட்டியின் ஒரு போல்ட் தளர்ந்திருந்தது; முறுக்கினார், நின்றது. மூன்றாவது, பின்பக்க வலது சக்கரத்தின் உட்புறம். அங்கே சொட்டு தேன் நிறத்தில் இருந்தது.

அதைப் பார்த்ததும் டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனார். ஏர் கலப்பையைத் தூக்குகிற ஹைட்ராலிக் குழாய் அதற்கு நேர் மேலே ஓடியது. அதன் இணைப்பும் ஈரமாகத்தான் இருந்தது. அங்கிருந்து வழிந்ததானால் ஒரு நட்டை முறுக்கினால் தீர்ந்தது. ஆனால் உள்ளே அச்சுக்குப் பக்கத்தில் எண்ணெயை அடைத்து நிற்கிற ரப்பர் வளையம், அந்தச் சீல் தேய்ந்து, கியர் ஆயில் வெளியே வருகிறது என்றால் கதையே வேறு. அந்த எண்ணெய் வெளியே சொட்டுவதற்கு முன்னால் பிரேக் டிரம்முக்குள் புகுந்திருக்கும்; பிரேக் வழுக்கும். இரண்டும் ஒரே நிறம். தூசியோடு சேர்ந்தால் பிசுபிசுப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் நாற்றத்தில் மட்டுமே.

தங்கை பக்கத்தில் குந்தியிருந்தாள். "என்னண்ணே, மூக்கு என்ன சொல்லுது?"

துணியில் ஒற்றி எடுத்து மூக்கில் வைத்து இழுத்தார். வெறும் காற்று. இன்னொரு தரம் இழுத்தார். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தார். ஏன், மூக்கில் தெரியவில்லையா என்று அவள் கேட்பாளே!

"ஹைட்ராலிக் ஆயில்தான்மா. மேல இருக்கற குழாயிலிருந்து வழியுது" என்றார். நட்டை முறுக்கினார். முற்றத்தில் ஓட்டிப் பிரேக் போட்டுப் பார்த்தார். வண்டி அடக்கமாக நின்றது.

"நான் தலைகீழா நின்னு சொன்னாலும் கேக்க மாட்டா" என்று சிரித்தான் தங்கையின் கணவன். "மச்சான் மூக்கு சொன்னாத்தான் கேப்பா."

மறுநாள் காலை மூக்கர் அடுப்பருகே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, மனைவி கொல்லையிலிருந்து ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். "பால் தீஞ்சு வீடு பூரா நாறுது. பக்கத்துலயே உக்காந்திருக்கீங்களே!" என்றவள், சட்டென்று நின்றாள். "ஆமா, நேத்து உங்க தங்கச்சி வண்டியை எப்படிப் பாத்தீங்க?"

அவர் எழுந்தார். கொடியில் தொங்கிய வேலைச் சட்டையின் பையிலிருந்து நேற்றைய துணியை உருவி அவளிடம் நீட்டினார்.

அவள் முகத்தைச் சுளித்தாள். "சீ, அழுகின பூண்டு மாதிரி நாறுது. என்னது இது?"

கியர் ஆயில். சூடாக ஆக அது இளகும். இளக இளகச் சீலைத் தாண்டிப் பாயும். முற்றத்தில் அது சூடாகவே இல்லை. லோடு ஏற்றி அவ்வளவு தூரம் ஓடினால்?

போனில் தங்கையைக் கூப்பிட்டார். அடித்துக்கொண்டே இருந்தது. அந்த டிராக்டரின் சத்தத்தில் இடி விழுந்தாலே கேட்காது. ஸ்கூட்டரை எடுத்தார். செருப்பு போட்டோமா இல்லையா என்பதுகூட நினைவில்லை. வழியெல்லாம் கண் முன்னால் அந்த ரயில்வே கேட்தான் நின்றது. மூடிய கேட், முன்னால் காத்து நிற்கிற ஜனங்கள். எதிரே வந்தவர்கள் முகத்தையெல்லாம் உற்றுப் பார்த்தார். யாராவது பதறிப்போய் வருகிறார்களா? யாரும் பதறவில்லை. அதுவும் அவருக்குத் தைரியம் தரவில்லை.

இறக்கத்துக்கு முந்திய வளைவில் டிரெய்லரின் பின்பக்கம் தெரிந்தது. மூட்டைகளின் மேல் தங்கையின் கணவன் உட்கார்ந்து கையாட்டினான். மூக்கர் ஹாரனை அழுத்தியபடியே அவர்களைத் தாண்டிப் போய், இறக்கம் தொடங்குகிற இடத்தில் ஸ்கூட்டரைக் கீழே போட்டுவிட்டு நடுரோட்டில் நின்றார்.

அவள் பிரேக்கை மிதித்தாள். டிராக்டர் நேராக நிற்கவில்லை. மூக்கை இடது பக்கம் திருப்பிக்கொண்டு, டிரெய்லரை ஒரு உலுக்கு உலுக்கி, ரோட்டோரத்து மண்மேட்டில் முட்டி நின்றது. இரண்டு மூட்டை சரிந்து விழுந்தது.

"உனக்கென்ன பைத்தியமா? குறுக்க வந்து நிக்கறே!" தங்கை குதித்து இறங்கினாள். "வண்டி ஏன் இப்படி இழுத்துச்சு?"

"வலது பக்கம் பிரேக் பிடிக்கல. எண்ணெய் உள்ள போயிடுச்சு. நேத்து நான் சொன்னது தப்பும்மா."

"நீ தப்பாச் சொன்னியா? நீயா?"

"எனக்கு மூக்கு செத்து நாலு மாசமாச்சு. ஒரு வாசனையும் தெரியல. தெரிஞ்ச மாதிரி நடிச்சேன்."

அவள் சக்கரத்தடியில் குனிந்து விரலால் தொட்டாள், மோந்தாள். கீழே கேட் மூடியிருந்தது. ஒரு பள்ளி வேனும் நாலைந்து சைக்கிள்களும் நின்றன. மூன்று பேருமே அதைப் பார்த்தார்கள். தங்கையின் கணவன் மூட்டைகளின் மேலிருந்து இறங்கி, சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக்கொடுத்தான்.

"இந்த நாத்தம் எனக்கே தெரியுதேண்ணே" என்றாள் அவள் மெல்ல. "நேத்து அந்தத் துணியை என்கிட்ட நீட்டியிருந்தா நான் சொல்லியிருக்க மாட்டேனா?"

லோடு வேறு வண்டியில் போயிற்று. டிராக்டரை முதல் கியரில் ஊரவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தார்கள். டிரம்மைத் திறந்ததும் உள்ளிருந்து எண்ணெய் ஒழுகியது. பிரேக் கட்டை பாதிக்கு மேல் ஊறிக் கறுத்திருந்தது. சீலின் உதடு நைந்து கிழிந்திருந்தது. அவர் சீலை மாற்றினார், டிரம்மைக் கழுவினார், புதுக் கட்டைகளைப் போட்டார். ஸ்பானரை எடு, இதைப் பிடி என்று அவர் சொன்னதையெல்லாம் தங்கை அவர் முகம் பார்க்காமலே செய்தாள். அவள் அழுதிருந்தால்கூடத் தேவலை என்று அவருக்கு இருந்தது.

சாயங்காலம் தங்கை வெறும் டிராக்டரை ஒர்க்‌ஷாப் முன்னாலிருந்த சரளைத் தரையில் வேகமாக ஓட்டிவந்து பிரேக் போட்டாள். அவர் குனிந்து பார்த்தார். சரளையில் இரண்டு பின்சக்கரமும் இழுத்த கோடு ஒரே நீளம். மறுபடி ஓட்டச் சொன்னார். மூன்றாம் முறையும் அப்படியே. அதன்பிறகுதான் மூச்சை முழுசாக விட்டார்.

அவள் இன்ஜினை அணைத்தாள். சீட்டிலிருந்து இறங்காமலே கேட்டாள்:

"இந்த நாலு மாசத்துல இப்படி எத்தனை வண்டி பாத்தே?"

அவர் விரல்விட்டு எண்ணினார். ஒரு கை முடிந்து, மறு கையும் முடிந்தது.

"பதினொண்ணு."

"கூப்பிடு."

"இப்பவேவா? நாளைக்கு நேர்ல போய்..."

"நாளைக்குக் காலையில அவங்க வண்டியை எடுத்துடுவாங்கண்ணே."

மூக்கர் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். முதல் ஆள் எடுத்தார். "நான்தான், மெக்கானிக் பேசறேன். நாளைக்கு வண்டியை எடுக்காதீங்க, நான் வந்து திரும்பப் பாக்கணும். இல்லீங்க, வண்டி மேல தப்பில்ல. நான்தான் சரியாப் பாக்கல." எதிர்முனை ஏன் என்று கேட்டது. அவர் தங்கையைப் பார்த்தார். அவள் பார்வையை நகர்த்தவில்லை.

"எனக்கு வாசனை தெரியறதில்லீங்க" என்று அவர் சொல்ல ஆரம்பித்தார்.