ஒரு பிடி கடற்பாசி

கலகெதர இராணுவச் சோதனைச் சாவடியில் பத்மாதேவியை மட்டும் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். கொழும்பில் குண்டு வெடித்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அடையாள அட்டையில் யாழ்ப்பாணம். பையில் பச்சைத் தூள் பொட்டலங்கள்.

“இது வெடிமருந்தா?” கொஞ்சம் தமிழ் தெரிந்த சிப்பாய் கேட்டான்.

“கடற்பாசி, சேர். கடலில கலக்கிற கழிவைப் பாசி உறிஞ்சும். எவ்வளவு கலந்திருக்கெண்டு பேராதனை கம்பஸில சோதிக்கிறம்.”

“பாசிதானே, சாப்பிடு.”

நீர்கொழும்பில் சாக்கடை கடலில் விழும் இடத்தில் அவளே பறித்து, காயவைத்து அரைத்த பாசி அது. மறுத்தவர்கள் திரும்பி வராததை அவள் அறிவாள். ஒரு பிடி அள்ளி வாயிலிட்டாள். துப்பாக்கியைப் பார்த்தபடியே விழுங்கினாள்.

சிப்பாய் சற்று நேரம் அவள் முகத்தையே பார்த்துவிட்டு, போகச் சொன்னான்.

பேராதனை வரும்வரை அடையாள அட்டையைக் கையிலேயே இறுக்கிப் பிடித்திருந்தாள். அடுத்த மாதம் பாசி எடுக்க நீர்கொழும்பு போகவேண்டிய நாளில் அவள் விடுதி அறையைவிட்டு வெளியே வரவேயில்லை.