சுத்தபோசனப் பீட்சா

கஸ்பார் கள்ளுக்கடையில் நிற்கிறான் என்று பக்கத்து வீட்டுச் செல்லி வந்து சொன்னபோது மிக்கேலம்மாள் தக்காளி அரிந்துகொண்டிருந்தாள்.

“சொம்போட நிக்கறாருக்கா. என் கண்ணால பாத்தேன்.”

“கேட்டுச்சு செல்லி.”

அவள் புருஷன் கஸ்பார் பெங்களூரில் இத்தாலியச் சாமியார்களின் மடத்தில் சமையல்காரன். குடியை விட்டு ஒரு வருஷம் ஆகப்போகிறது. மறுபடி தொடக்கூடாது என்றுதான் மிக்கேலம்மாள் இந்தத் தபசுகாலம் முழுக்கக் கறி, மீன், முட்டை, பால், நெய் எதையும் வாயில் வைப்பதில்லை என்று மாதாவுக்குச் சுத்தபோசனம் நேர்ந்திருந்தாள். ஈஸ்டருக்கு மடத்தில் விருந்து, லீவு கிடைக்காது. அதனால் முன்கூட்டியே இரண்டு நாள் வந்திருந்தான். வந்ததும் வராததுமாக, “நான் செய்யற பீட்சாவ நீ ஒருவாட்டியாவது திங்கணும்” என்றான்.

“அதுல பாலாடைக்கட்டி போடுவாங்கன்னு சொன்னீங்களே.”

“உனக்குப் பாலு இல்லாமச் செய்யறேன், புள்ள.”

அப்படிச் சொல்லிவிட்டுப் போனவன்தான் இப்போது சொம்போடு வாசலில் வந்து நின்றான். ஈச்சங்கள்ளின் வாடை அவனுக்கு முன்னால் உள்ளே வந்தது.

“எதுக்குங்க இது?”

“மாவு பொங்கறதுக்கு. அங்க ஈஸ்ட் போடுவோம். கடத்தூரு பூரா தேடிட்டேன், கெடைக்கல.”

“பொங்கறது மாவா, நீங்களா?”

அவன் சொம்பை அவள் முன்னால் வைத்தான்.

“இது இன்னிக்கு எறக்குனதா, நேத்ததான்னு தெரியல. நேத்ததுன்னா மாவு புளிச்சுக் கெட்டுடும். கள்ளு விக்கற மாது புதுசுங்கறான். அவன் பேச்ச நம்ப முடியாது. நாக்குல வச்சுப் பாத்தாத்தான் தெரியும்.”

“வச்சுப் பாத்திருக்கலாமே.”

“நானா?” என்றான். “கஸ்பாரு கள்ள வாங்கி மோந்து பாக்கறான்னு கடையில அத்தன பேரும் சிரிச்சானுங்க. நீ பாரு.”

மிக்கேலம்மாள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு சொம்பைப் பார்த்தாள்.

“சுத்தபோசனம் முறிஞ்சிடாதா?”

“ஈச்சமரம் என்ன, மாடா?”

அவள் சொம்பைத் தூக்கி ஒரு வாய் குடித்தாள். முதலில் இனித்தது. பிறகு தொண்டையில் சுர்ரென்றது.

“இனிப்பாத்தான் இருக்குது.”

“அப்போ புதுசு.”

“அட ஆத்தா!” வாசலில் செல்லி. சண்டையைப் பார்க்க வந்தவள். “குடிக்கறது நீதானா?”

மிக்கேலம்மாளுக்குப் புரையேறிவிட்டது. கஸ்பார் அவள் தலையைத் தட்டிக்கொண்டே சிரித்தான்.

கள்ளை ஊற்றி மைதாவைப் பிசைந்து ஈரத்துணி போட்டு மூடினான். வெயில் தாழ்வதற்குள் மாவு துணியை மேலே தள்ளியிருந்தது. தக்காளியைப் பூண்டும் மிளகாயும் போட்டுச் சுண்ட வைத்தான். பாலாடைக்கட்டிக்குப் பதில் ஊறவைத்த நிலக்கடலை. எலுமிச்சை பிழிந்து அவள் அம்மியில் அரைத்துக் கொடுத்தாள். அடிகனச் சட்டியில் மணல் பரப்பி, அதன்மேல் மாவும் தக்காளியும் கடலையும் பரப்பிய தட்டை வைத்து, மூடியிலும் தணலைக் கொட்டினார்கள். ஓரம் ஒரு பக்கம் கருகியது.

மிக்கேலம்மாள் ஒரு துண்டைத் தின்றாள். இன்னொன்றை எடுத்தாள்.

“சாமியாருங்க தினம் இதயா திங்கறாங்க?”

“பாலாடைக்கட்டி போட்டு.”

“பாவம். கடலைய அரச்சுப் போடுங்க. அப்புறம் அத மறந்துடுவாங்க.”

சொம்பில் பாதிக்கு மேல் மிச்சமிருந்தது.

“கீழ ஊத்திடறியா?” என்றான் கஸ்பார்.

“இருக்கட்டும்.”

சொம்பின் மேல் ஒரு தட்டை வைத்து அடுப்பங்கரையிலேயே விட்டுவிட்டு, இரண்டு துண்டுகளை எடுத்துக்கொண்டு செல்லி வீட்டுக்குப் போனாள்.

செல்லி ஒரு துண்டைக் கடித்தாள். “ஏக்கா, கள்ளு எங்க?”

“வூட்லதான்.”

“அவரு?”

“அவரும் வூட்லதான்.”

செல்லி மெல்லுவதை நிறுத்தினாள். மிக்கேலம்மாள் சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

“உங்க மாடு கன்னு போட்டுச்சாமே. என்ன கன்னு?” என்றாள்.