மூன்றாவது சம்பந்தம்

நாலு வருஷமாக அழகியநாயகி குடித்த கஷாயத்தைத் தாழக்குடிக் குளத்தில் ஊற்றியிருந்தால் மீனெல்லாம் செத்து மிதந்திருக்கும். விடிந்தால் டம்ளர் நிறையக் கஷாயம், அதற்கு மேல் மாமியார் மீனாட்சியம்மாளின் வாய். இரண்டில் எது கசப்பு என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லுவாள்.

"ஆவணி வரைக்கும் பாப்பேன். பொறவு ஒன்னையும் தீத்து அனுப்பிருவேன், கேட்டியா" என்றாள் மாமியார்.

சும்மா மிரட்டல் இல்லை. முதலில் வாழ வந்த கோமளவல்லியையும் மலடி என்று இப்படித்தான் உறவைத் தீர்த்துத் தாய்வீட்டுக்கு அனுப்பினாள். மேலத்தெருவில் மூன்றாவது பெண்ணும் பேசியாகிவிட்டது. மகன் ஆறுமுகப்பெருமாளுக்கு வாய் இருந்தது சாப்பிட மட்டும்தான். "நீங்களும் ஒருக்கா டாக்டரைப் பாருங்களேன்" என்று கேட்டதற்கு, சோற்றுக் கும்பாவைத் தள்ளிவிட்டு எழுந்து போனான்.

கோமளவல்லியோ ஆரல்வாய்மொழியில் வேறு ஒருவனைக் கட்டிப் பிள்ளையும் பெற்றுவிட்டாள். சேதி காதில் விழுந்ததும் அழகியநாயகி அவள் வாசலில் போய் நின்றாள்.

"வெள்ளிக்கிழமை எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல பிள்ளையில்லாத கொறையப் பத்தி டாக்டரம்மா பேசுகா. பிள்ளையத் தூக்கிட்டு ஒரு எட்டு வரணும், அக்கா."

"என்னை வெரட்டின வீட்டுல மாலை போட்டுட்டு ஏறினவ நீ. ஒனக்கு நான் எதுக்குட்டி வரணும்?" என்று கோமளவல்லி கதவைச் சாத்தினாள்.

வெள்ளிக்கிழமை மாமியார் முன்வரிசையில் உட்கார்ந்தாள், பக்கத்தில் மேலத்தெருப் பெண்ணின் தாய். அழகியநாயகி மலடி என்பதை டாக்டர் வாயாலேயே அந்தத் தாய் கேட்கட்டும் என்று கூட்டி வந்திருந்தாள். டாக்டர் இசபெல் மதராஸில் போய்ப் பிள்ளைப்பேறு வைத்தியம் தனியாகப் படித்துத் திரும்பியவள். சுற்றி வளைக்கவில்லை.

"பிள்ளை இல்லேன்னா ரெண்டு பேரையும் சோதிக்கணும். முதல்ல ஆம்பளைய. நல்ல ஆரோக்கியமான ஆளுக்கும் விந்துல குறை இருக்கலாம்."

ஜன்னலில் தொங்கிய ஆம்பளைகள் கூச்சல் போட்டார்கள். மீனாட்சியம்மாள் எழுந்தாள்.

"மதராசுல போயி இந்த அசிங்கத்தத்தான் படிச்சியா? மலடியக் கட்டினா எம் மவன் என்ன செய்வான்?"

அப்போதுதான் கோமளவல்லி உள்ளே வந்தாள், இடுப்பில் பிள்ளை. "ஒனக்காக வரல்ல" என்று அழகியநாயகியிடம் சொல்லிவிட்டு, பழைய மாமியாருக்கு நேர் எதிரே போய் நின்றாள்.

"மலடி வந்திருக்கேன்."

மீனாட்சியம்மாளின் முகம் செத்துப்போயிற்று. வாய் மட்டும் சாகவில்லை.

"இது எவனுக்கோ பொறந்தது. எம் மவனுக்கா பொறந்தது?"

அழகியநாயகிக்கு நாலு வருஷக் கஷாயமும் தொண்டைக்கு ஏறி வந்தது.

"இல்ல, அத்தை. ஒங்க மவனுக்குப் பொறக்கல்ல. டாக்டரம்மாவும் அதத்தான் சொல்லுகா."

மேலத்தெருப் பெண்ணின் தாய் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"மைனி, முதல்ல மாப்பிள்ளையக் கொண்டு காட்டிட்டு வாங்க. சம்பந்தமெல்லாம் பொறவு பேசிக்கிடுவோம்."

மறுநாள் காலையிலும் மாமியார் கஷாயம் காய்ச்சி வைத்தாள். அழகியநாயகி டம்ளரை எடுத்துப்போய்ப் புருஷன் முன்னால் வைத்தாள்.

"இன்னைக்கு நீங்க குடியுங்க. இல்லேன்னா ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க."

ஆறுமுகப்பெருமாள் அம்மையைப் பார்த்தான். அவள் வாயைத் திறக்கவில்லை. அவன் எழுந்து சட்டையைத் தேடினான்.